பெயர் தீர்ந்துபோன புயல் பருவம்

2005 அக்டோபரில் இரண்டு வார இடைவெளியில் இரண்டு புயல்கள். முதலில் வந்தது ஸ்டான். அக்டோபர் 4 அன்று மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்தில் மணிக்கு 130 கிலோமீட்டர் வேகக் காற்றோடு கரையைக் கடந்தது. ஐந்து படி கொண்ட ஹரிகேன் அளவுகோலில் அது வகை 1, அதாவது ஆகக் கீழ்ப்படி. அடுத்து வந்தது வில்மா. அக்டோபர் 19 அன்று கரீபியன் கடலில் அதன் காற்று 295 கிலோமீட்டரைத் தொட்டது. மையத்தில் காற்றழுத்தம் 882 மில்லிபார். அட்லாண்டிக்கில் அளந்து பதிவான அழுத்தங்களில் இதைவிடக் குறைந்தது இன்றுவரை இல்லை. வகை 5 என்பதற்கு மேல் ஒரு படி இருந்திருந்தால் அதையும் வில்மாவுக்குக் கொடுத்திருப்பார்கள்.

எந்தப் புயலில் அதிகம் பேர் இறந்தார்கள் என்று கேட்டால் யாரும் வில்மா என்றுதான் சொல்வார்கள். வில்மா நேரடியாகக் கொன்றது இருபத்துச் சொச்சம் பேரை. ஸ்டானும் அதைச் சுற்றிப் பெய்த மழையுமாகச் சேர்ந்து குவாதமாலாவில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை மண்ணுக்கடியில் கொண்டுபோய்விட்டன.

புயல் செய்தி படிக்கும்போது நாம் முதலில் தேடுவது அந்த வகை எண்ணைத்தான். அது தவறில்லை. ஆனால் அந்த எண் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று தெரியாமல் படித்தால் பயப்பட வேண்டிய இடத்தில் அலட்சியமாக இருந்துவிடுவோம். இதைப் புரியவைக்க 2005-ஐவிடப் பொருத்தமான ஆண்டு எனக்குத் தெரிந்து இல்லை.

ஹரிகேன் என்பது என்ன?

புயல்தான். வேறொன்றும் இல்லை. வங்கக் கடலில் உருவானால் சைக்ளோன், மேற்குப் பசிபிக்கில் உருவானால் டைபூன், அட்லாண்டிக்கிலும் கிழக்குப் பசிபிக்கிலும் ஹரிகேன். ஆள் ஒருவர்தான், ஊருக்கு ஊர் கூப்பிடும் பெயர்தான் வேறு.

புயலுக்குச் சோறு வெந்நீர். கடலின் மேற்பரப்பு 26.5 டிகிரி செல்சியஸ் அளவுக்காவது சூடாக இருக்க வேண்டும், அந்தச் சூடு கொஞ்சம் ஆழம் வரைக்கும் இருக்க வேண்டும். ஆவியாகி மேலே போகும் நீர், உயரத்தில் குளிர்ந்து மறுபடி நீர்த்துளியாகும்போது தன்னிடமிருந்த வெப்பத்தை அங்கே விட்டுவிடுகிறது. அதனால் மேலே இருக்கும் காற்று இன்னும் சூடாகி இன்னும் மேலே போகிறது. கீழே அழுத்தம் குறைகிறது, அந்த இடத்தை நிரப்பச் சுற்றிலுமிருந்து காற்று ஓடி வருகிறது. பூமி சுழல்வதால் ஓடி வரும் காற்று நேராக வராமல் வளைந்து வருகிறது. அந்த வளைவுதான் சுழற்சி. நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இந்த வளைக்கும் விசை இல்லாததால் அங்கே புயல் உருவாவதில்லை.

புயலைக் கெடுக்கவும் ஒன்று உண்டு. கீழே ஒரு திசையில் ஒரு வேகத்திலும், மேலே வேறு திசையில் வேறு வேகத்திலும் காற்று அடித்தால் நிமிர்ந்து நிற்க வேண்டிய புயலின் தூண் சாய்ந்துவிடும். அப்புறம் அது எழுந்திருப்பது கஷ்டம். ஆகவே கடல் சூடாகவும், மேலும் கீழும் காற்று ஒத்தும் இருந்தால் புயலுக்குக் கொண்டாட்டம்.

அட்லாண்டிக்கில் இந்தப் பொருத்தம் கூடிவரும் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்று வைத்திருக்கிறார்கள். அதைத்தான் ஹரிகேன் பருவம் என்கிறார்கள். தேதியெல்லாம் மனிதர் வைத்தது. 2005-இன் கடைசிப் புயல் டிசம்பர் 30 அன்று உருவாகி, புத்தாண்டையும் பார்த்துவிட்டு, 2006 ஜனவரி 6 அன்றுதான் அடங்கியது.

பெயர்கள் எப்படித் தீர்ந்தன?

அட்லாண்டிக் புயல்களுக்கு உலக வானிலை அமைப்பு ஆறு பட்டியல்கள் வைத்திருக்கிறது. ஆண்டுக்கு ஒன்று, ஆறாண்டுக்கு ஒருமுறை அதே பட்டியல் திரும்ப வரும். ஒவ்வொன்றிலும் 21 பெயர்கள், ஆங்கில அகரவரிசைப்படி, ஆண் பெயரும் பெண் பெயரும் மாறி மாறி. கியூ, யு, எக்ஸ், ஒய், இசட் ஆகிய ஐந்து எழுத்துகளில் போதுமான பெயர் கிடைக்காது என்று விட்டுவிட்டார்கள். 21 தாராளமாகப் போதும் என்பதுதான் கணக்கு. சராசரி ஆண்டில் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் செலவாகும்.

2005 மே மாதம் அமெரிக்க வானிலைத் துறை 12 முதல் 15 புயல்கள் வரலாம் என்றது. ஆகஸ்டில் திருத்தி 18 முதல் 21 என்றது. திருத்தியதும் போதவில்லை. அக்டோபர் மூன்றாவது வாரத்தில் வில்மா வந்தபோது பட்டியலின் கடைசிப் பெயர் செலவாகிவிட்டது. பருவம் முடிய இன்னும் ஆறு வாரம் இருந்தது. இப்படி நடந்தால் கிரேக்க எழுத்துகளுக்குப் போக வேண்டும் என்று ஏற்கெனவே ஒரு விதி இருந்தது, ஆனால் யாரும் அதைப் பயன்படுத்த வேண்டி வந்ததில்லை. ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா, எப்சிலான், சீட்டா என்று ஆறு எழுத்து போனது. பிறகு தரவுகளை உட்கார்ந்து பார்த்தபோது, அக்டோபரில் அசோர்ஸ் தீவுகள் பக்கம் யாருமே கவனிக்காத ஒரு புயல் வந்து போயிருப்பது தெரிந்தது. அதற்குப் பெயரே இல்லை. அதையும் சேர்த்து மொத்தம் 28. அவற்றில் 15 ஹரிகேன்கள். அந்தப் பதினைந்தில் எமிலி, கத்ரீனா, ரீட்டா, வில்மா நான்கும் வகை 5 வரை போனவை.

ஏன் அந்த ஆண்டில் மட்டும் இப்படி? ஒரே காரணம் சொல்ல முடியாது. அட்லாண்டிக்கும் கரீபியனும் அந்த ஆண்டு வழக்கத்தைவிட நன்றாகவே சூடாக இருந்தன. பசிபிக்கில் எல் நினோ, அதாவது அந்தக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை, இல்லை. எல் நினோ இருந்தால் அட்லாண்டிக்கின் மேல்வானக் காற்று கலைந்து புயல்களைச் சாய்த்துவிடும். 1995 முதலே அட்லாண்டிக் ஒரு சூடான சுற்றில் இருந்துவந்தது. போதாக்குறைக்கு, புயல்களைத் திறந்த கடலுக்குத் திருப்பிவிடாமல் மேற்கே மெக்சிகோ வளைகுடாப் பக்கம் தள்ளும்படி காற்றோட்டமும் அமைந்தது. நூறு புயல் வந்தாலும் நடுக்கடலிலேயே கரைந்துபோனால் கப்பல்காரர்களுக்கு மட்டும்தான் கவலை. 2005-இல் அவை கரைக்கு வந்தன.

அந்த வகை எண்

சரி, இப்போது எண்ணுக்கு வருவோம். 1970-களின் தொடக்கத்தில் ஹெர்பர்ட் சஃபீர் என்ற கட்டடப் பொறியாளரும், அமெரிக்க தேசிய ஹரிகேன் மையத்தின் அன்றைய இயக்குநர் ராபர்ட் சிம்சனும் சேர்ந்து கொண்டுவந்த அளவுகோல் அது. சஃபீர் கட்டடக்காரர் என்பதை நினைவில் வையுங்கள். எந்தக் காற்றில் கூரை போகும், எந்தக் காற்றில் சுவர் போகும் என்பதே அவருடைய கேள்வி. மணிக்கு 119 கிலோமீட்டரில் வகை 1 தொடங்குகிறது. 178-ஐத் தாண்டினால் வகை 3, அதிலிருந்து மேலே எல்லாம் பெரும்புயல் என்று கணக்கு. 252-ஐத் தொட்டால் வகை 5. நம் துறைமுகங்களில் ஏற்றும் கூண்டு எண்ணோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கூண்டு எண் கப்பல்களுக்கு ஆபத்து எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று சொல்லும் எச்சரிக்கை. வகை எண் புயலின் காற்று வேகம்.

வேறெதுவும் அதில் இல்லை. புயல் எவ்வளவு அகலம், எவ்வளவு மழை கொண்டுவருகிறது, எவ்வளவு மெதுவாக நகர்கிறது, எந்தக் கரையை நோக்கி வருகிறது, அந்தக் கரையில் யார் இருக்கிறார்கள் என்று எதையும் அது சொல்லாது. ஆனால் புயலில் பெரும்பாலோர் சாவது காற்றால் அல்ல, நீரால்.

அந்த நீர் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று மேலிருந்து, மழை. மற்றது பக்கவாட்டில், கடல். இரண்டாவதைப் புயல் அலை என்று எழுதுகிறார்கள். அலை என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றும். கரையில் மோதிவிட்டுத் திரும்பிப் போகும் அலை இல்லை அது. காற்று மணிக்கணக்காகக் கடலைக் கரைப் பக்கமே தள்ளித் தள்ளிக் குவிக்க, கடல்மட்டமே உயர்ந்து ஊருக்குள் ஏறி வந்து அப்படியே நிற்பது. அதற்கும் மேலேதான் அலைகள் அடிக்கும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் பயணிகளோடு ஒரு ரயிலையே கொண்டுபோனது இதுதான்.

கடல் எவ்வளவு ஏறும் என்பது காற்றின் வேகத்தை மட்டும் பொறுத்ததல்ல. புயல் அகலமாக இருந்தால் அதிகப் பரப்பில் கடலைத் தள்ளும். கரையோரக் கடல் ஆழமில்லாமல் நெடுந்தூரம் சரிந்திருந்தால், தள்ளப்பட்ட நீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலேதான் ஏறும். கரை உள்வாங்கி வளைந்திருந்தால் நீர் அந்த மூலையில் போய்ச் சேரும். மிசிசிப்பி மாநிலத்தின் கரையில் இந்த வசதிகள் எல்லாமே உண்டு.

கத்ரீனா

ஆகஸ்ட் 23 அன்று பஹாமாஸ் அருகே உருவாகி, 25 அன்று வகை 1 புயலாக ஃப்ளோரிடாவின் தெற்கு முனையைக் கடந்து வளைகுடாவுக்குள் வந்தது கத்ரீனா. அங்கே கரீபியனிலிருந்து உள்ளே வந்து வளைந்து போகும் ஒரு வெந்நீர் ஓட்டம் இருக்கிறது. மற்ற இடங்களில் சூடு மேலாகத்தான் இருக்கும், புயல் கலக்கிவிட்டால் அடியிலுள்ள குளிர்நீர் மேலே வந்துவிடும். இந்த ஓட்டத்தில் ஆழத்திலும் சூடு. ஆகஸ்ட் 28 அன்று கத்ரீனா வகை 5 ஆனது, காற்று 280 கிலோமீட்டர். அன்று லூசியானாவில் உள்ளூர் வானிலை அலுவலகம் விட்ட அறிக்கை, அப்பகுதியின் பெரும்பகுதி வாரக்கணக்கில் குடியிருக்க முடியாததாகிவிடும் என்று அப்பட்டமாகச் சொன்னது. வானிலை அறிக்கைகள் வழக்கமாக அப்படிப் பேசுவதில்லை. அதைப் படித்துவிட்டு ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் உண்டு.

திங்கட்கிழமை, ஆகஸ்ட் 29 காலை, பியூராஸ் என்ற ஊருக்கு அருகே கரையைத் தொட்டபோது அது வகை 3-க்கு இறங்கியிருந்தது. காற்று 205 கிலோமீட்டர். இங்கேதான் எண் ஏமாற்றியது. காற்று குறைந்தது, ஆனால் முதல் நாள் வகை 5-ஆக இருந்தபோது அது கிளப்பிவிட்ட கடல் குறையவில்லை. புயலின் உடம்பும் பெரிது. மையத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் ஹரிகேன் வேகக் காற்று. மிசிசிப்பியின் பாஸ் கிறிஸ்டியன் என்ற ஊரில் கடல் 8.5 மீட்டர் ஏறியது. கிட்டத்தட்ட மூன்று மாடி.

அந்தக் கரையில் வயதானவர்களுக்கு ஒரு நினைவு இருந்தது. 1969-இல் கமீல் என்ற வகை 5 புயல் அதே இடத்தில் அடித்தது. அதில் தப்பிய வீட்டை வைத்திருந்தவர்கள், கமீலையே தாங்கிய வீடு இந்த மூன்றைத் தாங்காதா என்று உட்கார்ந்துவிட்டார்கள். கமீல் வேகமானது, ஆனால் சிறியது. கத்ரீனா வேகத்தில் குறைவு, உடம்பில் பெரிது. கமீலில் நீர் எட்டாத இடங்களை இதில் நீர் எட்டியது. கமீல் 1969-இல் கொன்றதைவிட 2005-இல் அதிகம் பேரைக் கொன்றது என்று அந்தக் கரையில் ஒரு பேச்சு உண்டு.

அதே கரையில் பிலக்ஸி என்ற ஊர். சூதாட்ட விடுதிகள் தரையில் இருக்கக்கூடாது, நீரில் மிதக்கத்தான் வேண்டும் என்று மிசிசிப்பியில் அப்போது சட்டம். ஆகவே பெரிய தெப்பங்களின் மேல் கட்டியிருந்தார்கள். கடல் ஏறியபோது அந்தத் தெப்பங்கள் கட்டறுத்துக்கொண்டு சாலையைத் தாண்டிப் போய் உட்கார்ந்தன. சில வாரங்களில் சட்டத்தை மாற்றிவிட்டார்கள்.

நியூ ஆர்லியன்ஸ் கதை வேறு. அந்த நகரத்தை ஒரு சட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். தெற்கே மிசிசிப்பி ஆறு, வடக்கே பாண்ட்சார்ட்ரெய்ன் என்ற பெரிய ஏரி. கடலோடு தொடர்புள்ள ஏரி அது. நடுவில் நகரம், அதில் பாதியளவு கடல்மட்டத்துக்குக் கீழே. தொடக்கத்தில் அப்படி இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டில் ஆற்றங்கரை மேட்டில்தான் ஊர் கட்டினார்கள். பின்னால் இருந்தது சதுப்பு நிலம். 20-ஆம் நூற்றாண்டில் பெரிய பம்புகள் வைத்துச் சதுப்பை வடித்துவிட்டு அங்கே வீடு கட்டினார்கள். நீரை இறைத்தால் சதுப்பு மண் காய்ந்து சுருங்கும். சுருங்கினால் தரை இறங்கும், இறங்கினால் இன்னும் இறைக்க வேண்டும், இன்னும் இறங்கும். நகரத்தைக் காய வைக்கச் செய்த வேலையே அதைப் பள்ளமாக்கியது. 2005 வெள்ளத்தில் பழைய பிரெஞ்சுக் குடியிருப்பு பெரும்பாலும் நனையாமல் தப்பியது தற்செயல் இல்லை.

மழைநீரை ஏரிக்குக் கொண்டுபோக நகரத்துக்குள்ளே கால்வாய்கள் ஓடுகின்றன, இரு பக்கமும் தடுப்புச் சுவர்களோடு. புயல் ஏரி நீரை உயர்த்தியபோது அந்த நீர் கால்வாய்கள் வழியாக ஊருக்குள் திரும்பி வந்தது. சுவரைத் தாண்டி வழிந்திருந்தால் இயற்கையின் மேல் பழி போடலாம். ஆனால் 17-ஆம் தெருக் கால்வாயிலும் லண்டன் அவென்யூ கால்வாயிலும் நீர் சுவரின் விளிம்பைத் தொடும் முன்பே சுவர் சாய்ந்தது. அடிமண்ணின் வலுவை அதிகமாக மதிப்பிட்டு வடிவமைத்திருந்தார்கள். சுவர்களைக் கட்டிய அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையே 2006-இல் தன் வடிவமைப்பில் பிழை இருந்ததை ஒப்புக்கொண்டது. கிழக்கே தொழிற்கால்வாயின் சுவர் உடைந்து லோயர் நைன்த் வார்டு என்ற பகுதியில் வீடுகளை அடித்தளத்தோடு பெயர்த்துத் தள்ளியது. மொத்தம் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் உடைப்பு. நகரத்தில் 80 சதவீதம் நீருக்குள் போனது. புயல் கிழக்குப் பக்கமாகப் போய்விட்டது, கண்டம் தப்பியது என்று திங்கட்கிழமை நினைத்தவர்கள், செவ்வாய்க்கிழமை மாடியில் இருந்தார்கள்.

ஏன் கிளம்பவில்லை என்று அப்போது பலரும் கேட்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த வட்டாரத்திலிருந்து கிளம்பத்தான் செய்தார்கள். ஆனால் நகரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு குடும்பத்துக்குக் கார் கிடையாது. கட்டாய வெளியேற்ற உத்தரவு வந்ததே முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில். தேதி 28, மாதக் கடைசி. முதல் தேதி வரும் ஓய்வூதியத்தையும் உதவித்தொகையையும் நம்பி இருப்பவர்கள் கையில் பெட்ரோலுக்கும் விடுதிக்கும் காசு ஏது? மாதக் கடைசியை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாயையும் பூனையையும் விட்டுவிட்டு வரமாட்டேன் என்று தங்கியவர்களும் கணிசம். மறு ஆண்டு, வெளியேற்றத் திட்டத்தில் வளர்ப்பு விலங்குகளையும் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே போட்டது.

போக முடியாதவர்கள் சூப்பர்டோம் விளையாட்டரங்கில் அடைந்தார்கள். கூரையின் ஒரு பகுதி பிய்ந்துபோனது. மின்சாரம் இல்லை, கழிப்பறை இல்லை, வெளியே வெள்ளம். கடலோரக் காவல்படை 33,500 பேரைக் காப்பாற்றியது, பலரை வீட்டுக் கூரைகளிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கி. லூசியானா மீனவர்களும் வேட்டைக்காரர்களும் சொந்தப் படகுகளை எடுத்துக்கொண்டு வந்தார்கள். மத்தியப் பேரிடர் அமைப்பின் தலைவர் மைக்கேல் பிரவுன் செப்டம்பர் 12 அன்று பதவி விலகினார்.

லூசியானாவில் இறந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் 75 வயதுக்கு மேற்பட்டவர்கள். ஒரே ஒரு முதியோர் இல்லத்தில் 35 பேர். மொத்தச் சாவு 1,833 என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 2023-இல் தேசிய ஹரிகேன் மையம் கணக்கைத் திருத்தி 1,392 ஆக்கியது. சேதம் 12,500 கோடி டாலர். 2000-இல் 4,84,674 ஆக இருந்த நகரத்தின் மக்கள்தொகை 2010 கணக்கெடுப்பில் 3,43,829.

ரீட்டா: புயலுக்கு முன்பே வந்த சாவு

மூன்றே வாரத்தில் ரீட்டா வளைகுடாவுக்குள் வந்தது. காற்று 285 கிலோமீட்டர், கத்ரீனாவைவிட வேகம். குறி ஹூஸ்டன் பக்கம் இருந்தது. கத்ரீனாவைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்த மக்கள் இந்த முறை தயங்கவில்லை, தாழ்வான பகுதிக்காரர்கள் போகச் சொல்லப்பட்டபோது மேட்டில் இருந்தவர்களும் சேர்ந்து கிளம்பினார்கள். இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் சாலையில். நூறு கிலோமீட்டருக்கு மேல் கார்கள் நகராமல் நின்றன, பெட்ரோல் தீர்ந்தது, செப்டம்பர் வெயில். முதியோர் இல்லத்திலிருந்து ஆட்களை ஏற்றிப்போன ஒரு பேருந்து டாலஸ் அருகே தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். புயலில் நேரடியாக இறந்தவர்கள் ஏழு பேர். ஓடும் வழியில் இறந்தவர்கள் நூறு பேர் அளவில்.

ரீட்டா கடைசியில் ஹூஸ்டனுக்குப் போகவில்லை. லூசியானா எல்லைப் பக்கம் கரையைக் கடந்து கேமரன் வட்டாரத்தின் கடலோரச் சிற்றூர்களைத் துடைத்தது. போகிற போக்கில் நியூ ஆர்லியன்ஸில் அவசரமாக அடைத்திருந்த உடைப்பைத் தாண்டி நைன்த் வார்டை மறுபடி நனைத்தது. வளைகுடாவில் கத்ரீனாவும் ரீட்டாவும் சேர்ந்து 113 எண்ணெய் மேடைகளை அழித்தன.

மலையில் இறங்கிய ஸ்டான்

தொடக்கத்தில் சொன்ன ஸ்டானுக்குத் திரும்புவோம். உண்மையில் அந்த மழை முழுவதையும் ஸ்டானின் தலையில் கட்டுவது சரியில்லை. மத்திய அமெரிக்கா முழுவதையும் ஒரு பெரிய மழை மண்டலம் சூழ்ந்திருந்தது, ஸ்டான் அதற்குள் இருந்த ஒரு சிறு சுழல். குவாதமாலா, எல் சல்வடோர், தெற்கு மெக்சிகோ எங்கும் நாள்கணக்கில் மழை.

குவாதமாலாவின் அதித்லான் ஏரி எரிமலைகள் சூழ்ந்த இடம். கரையில் சாந்தியாகோ அதித்லான் என்ற ஊர், அதையொட்டிப் பனபாஜ் என்ற, பூர்வகுடிகளான மாயர்களின் குடியிருப்பு. எரிமலைச் சாம்பல் மண் நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், ஓர் அளவுக்கு மேல் மொத்தமாக வழுக்கும். அக்டோபர் 5 அதிகாலையில், ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது, மலைச்சரிவு சேறாகி இறங்கி பனபாஜை மூடியது. சில நாள் தோண்டினார்கள். சேறு மிக ஆழம், மேலே இன்னும் இளகி நின்றது. தோண்டுவதை நிறுத்திவிட்டு அந்த இடத்தையே இடுகாடு என்று அறிவித்தார்கள்.

இது நடந்து மூன்றாம் நாள், அக்டோபர் 8, காஷ்மீர் நிலநடுக்கம். உலகத்தின் கண் அங்கே போய்விட்டது. கத்ரீனாவுக்கு இருக்கும் பெயர் ஸ்டானுக்கு இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். ஏழை நாடு, மாயர் ஊர், வகை 1 என்பவையும் காரணங்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வில்மா விஷயத்தில், நல்ல வேளையாக அந்த 295 கிலோமீட்டர் காற்று திறந்த கடலில் அடித்தது. ஒரே நாளில் சாதாரணப் புயலிலிருந்து வகை 5-க்குத் தாவிய அதன் கண் நான்கு கிலோமீட்டருக்கும் குறைவான அகலம். அப்புறம் கொஞ்சம் இளைத்து, மெக்சிகோவின் கன்கூன் கடற்கரையில் வந்து நகராமல் உட்கார்ந்துகொண்டது. பக்கத்திலுள்ள முஹேரஸ் தீவில் கொட்டிய மழை 1,500 மில்லிமீட்டருக்கு மேல். சென்னையில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையைவிட அதிகம். சுற்றுலாப் பயணிகளை முன்பே அப்புறப்படுத்தியிருந்தார்கள், விடுதிகள் கான்கிரீட். சேதம் பெரிது, சாவு குறைவு.

பருவத்தின் வாலில் சில வேடிக்கைகளும் உண்டு. வின்ஸ் என்ற புயல் மதீராத் தீவு அருகே, புயலுக்குச் சற்றும் பொருந்தாத குளிர்நீரில் உருவாகி ஸ்பெயினில் கரையேறியது. அங்கே வெப்பமண்டலப் புயல் கரையேறியதாக அதற்கு முன் பதிவில்லை. டெல்டா கேனரித் தீவுகளில் கடவுளின் விரல் என்று ஊரார் அழைத்த பாறை நுனியை உடைத்தது. டிசம்பரில் எப்சிலான் அடங்க வேண்டிய நேரத்திலெல்லாம் வலுத்தது. ஏன் வலுக்கிறது என்பதற்குத் தெளிவான காரணம் எதுவும் இல்லை, நானாக ஒன்றைக் கற்பனை செய்து சொல்லப்போவதும் இல்லை என்று முன்கணிப்பாளர் ஒருவர் அதிகாரபூர்வ அறிக்கையிலேயே எழுதிவிட்டார். அந்த வரி எனக்கு மிகவும் பிடிக்கும்.

பிறகு மாறியவை

பெருஞ்சேதம் செய்த புயலின் பெயரை மறுபடி வைப்பதில்லை. 2005 பட்டியலிலிருந்து டென்னிஸ், கத்ரீனா, ரீட்டா, ஸ்டான், வில்மா ஐந்தும் நீங்கின. ஒரே பருவத்தில் ஐந்து பெயர் நீங்கியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. 2020-இல் 30 புயல்கள் வந்து 2005-இன் எண்ணிக்கைச் சாதனையை முறியடித்தன, கிரேக்க எழுத்துகள் மறுபடி வெளியே வந்தன. எழுத்துகளின் ஒலி ஒன்றுபோல் இருந்து குழப்பியதால் 2021-இல் அந்த வழக்கத்தையே விட்டுவிட்டுத் துணைப் பட்டியல் ஒன்று போட்டார்கள்.

அளவுகோலும் மாறியது. முன்பெல்லாம் ஒவ்வொரு வகைக்கும் பக்கத்தில் கடல் இவ்வளவு ஏறும் என்று ஓர் உத்தேச அளவும் அச்சிட்டிருப்பார்கள். வகை 3-க்கு அது மூன்று, நான்கு மீட்டர்தான். கத்ரீனா கொண்டுவந்ததோ எட்டரை. 2010-இல் அந்த அளவுகளை நீக்கிவிட்டுக் காற்று மட்டும் என்று ஆக்கினார்கள். 2017 முதல் கடல் ஏறுவதற்கென்றே தனி எச்சரிக்கை வருகிறது, எந்தப் பகுதியில் எவ்வளவு உயரம் என்ற வரைபடத்தோடு.

நியூ ஆர்லியன்ஸைச் சுற்றி 1,450 கோடி டாலர் செலவில் புதிய சுவர்களும் கதவுகளும் பம்புகளும் வைத்தார்கள். கால்வாய்களின் வாயில் கதவு போட்டு, ஏரி உள்ளே வராதபடி அடைத்தார்கள். 2021-இல், அதே ஆகஸ்ட் 29 அன்று, ஐடா என்ற வகை 4 புயல் லூசியானாவில் 240 கிலோமீட்டர் காற்றோடு கரையேறியது. சுவர்கள் தாங்கின. மின்கோபுரம் சாய்ந்து நகரமே இருட்டானது, வெக்கையில் வயதானவர்கள் இறந்தார்கள், ஆனால் நீர் உள்ளே வரவில்லை.

ஐடா அத்தோடு முடியவில்லை. வலுவிழந்து, வகை எண் எதுவும் இல்லாத வெறும் மழைமேகக் கூட்டமாக வடகிழக்கே போய், மூன்று நாள் கழித்து நியூயார்க், நியூஜெர்சி பக்கம் கொட்டியது. அந்த வட்டாரத்தில் சுமார் ஐம்பது பேர் இறந்தார்கள். நியூயார்க் நகரத்தில் இறந்த 13 பேரில் 11 பேர், தரைக்குக் கீழே இருந்த வாடகை வீடுகளில் நீர் புகுந்து மூழ்கியவர்கள்.